வாலில் இருக்கிறது சூட்சுமம்

இங்கிலீஷில் பெரிய வார்த்தைகளைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. பெரிய வார்த்தை என்பது பெரிய மனிதர் மாதிரி. தலைப்பாகை, அங்கவஸ்திரம், வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி எல்லாம் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளலாம், அல்லது அகராதியைப் புரட்டி, 'இவர் யார்?' என்று விசாரித்துக்கொள்ளலாம். ஒரு தடவை விசாரித்துவிட்டால் போதும், ஆயுள் பூராவும் அவர் அதே ஆசாமிதான். 'போஸ்ட்போன்' என்றால் ஒத்திவைப்பது. நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான்.

பயப்பட வேண்டியது சின்ன வார்த்தைகளைக் கண்டு. 'புட்', 'கிவ்', 'டேக்', 'ஸீ' எல்லாம் சின்னப் பையனுக்கும் தெரிந்த வார்த்தைகள். 'அப்', 'இன்', 'ஆஃப்', 'த்ரூ' என்பவையும் அப்படித்தான். ஆனால் தெரிந்த இரண்டு சேர்ந்தால் தெரியாத ஒன்று பிறந்துவிடுகிறது. 'புட்' என்றால் வைத்தான். 'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போட்டான். 'புட் அவுட்' என்றால் விளக்கை அணைத்தான். 'புட் டவுன்' என்றால் கலகத்தை அடக்கினான். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொண்டான். வைத்தவன் ஒருவன்தான், வால் மாற மாற வேஷமும் மாறிக்கொண்டே போகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று எண்ணிவிடக் கூடாது. டாக்டர் ஜான்ஸன் 1755-ல் தம்முடைய பிரசித்தமான அகராதியை வெளியிட்டார். அதன் முன்னுரையில் இந்தச் சங்கதியைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறார். வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தைத் திருப்பிவிடும் வழக்கம், மற்றப் பாஷைகளைவிட இங்கிலீஷில்தான் அதிகமோ என்னவோ என்றும், அந்நியர்கள் மிகவும் திண்டாடுவது இந்த இடத்தில்தான் என்றும் சொல்லுகிறார். சொன்னதோடு நிற்காமல், அவற்றை மெனக்கெட்டுச் சேகரித்தும் கொடுத்தார். அவருடைய அகராதியில் 'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 130-க்கு மேற்பட்ட அர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன.

வழக்கமோ ஜான்ஸனுக்கு வெகு காலம் முந்தியது. பழைய இங்கிலீஷில் இந்தச் சின்னச் சொற்கள் பல, வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்' போன்றவை அந்தக் குடும்பத்தின் மிச்சங்கள். காலப்போக்கில் முன்னால் நின்றவை பின்னால் போய்விட்டன. பீட்டர்பரோ மடத்துச் சந்நியாசிகள் எழுதிவைத்த வரலாற்றில் 1132-ஆம் வருஷத்துச் சேதி ஒன்று இருக்கிறது. முதலாம் ஹென்றி அரசன் அந்த மடத்தின் தலைவரைப் பதவியைத் துறக்கச் செய்து நாட்டை விட்டே போகச் செய்தான் என்பது சேதி. அங்கே பதவியைத் துறந்ததற்கு வந்திருப்பது 'கிவ் அப்'தான். ஆகவே இந்த வாலுக்கு வயசு குறைந்தபட்சம் எண்ணூற்றுச் சொச்சம் வருஷம். ஆனால் அதற்கு 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயர் அச்சேறியது 1925-ல், லோகன் பியர்ஸால் ஸ்மித் எழுதிய புத்தகத்தில்தான். பிள்ளைக்குப் பெயர் வைக்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டவர்கள் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

சமஸ்கிருதம் வாசித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் தோன்றாது. 'ஹ்ரு' என்ற ஒரே தாதுவிலிருந்துதான் ஆஹாரம், விஹாரம், சம்ஹாரம், பரிஹாரம் நான்கும் வந்தன. சாப்பாடு, உல்லாசம், கொலை, பிராயச்சித்தம்! வித்தியாசமெல்லாம் முன்னால் நிற்கும் ஓர் அசை, இரண்டு அசைகளில் இருக்கிறது. வேத காலத்தில் அந்த அசைகள் வினையை விட்டு விலகி, வாக்கியத்தில் தள்ளி நிற்கவும் செய்தன. பிற்பாடுதான் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. அங்கே நின்றது தலை. இங்கிலீஷில் நிற்பது வால். அவ்வளவுதான்.

சின்ன வார்த்தைகள் சுலபமானவை என்று நம்பி ஒரு பெரிய முயற்சியே நடந்தது. சி. கே. ஆக்டன் என்ற அறிஞர் 1930-ல் 'பேஸிக் இங்கிலீஷ்' என்று ஒரு திட்டத்தை வெளியிட்டார். உலகத்தார் எல்லோரும் இங்கிலீஷ் பேசுவதற்கு 850 வார்த்தைகள் போதும் என்றார். அவற்றில் வினைகள் 18-தான். 'என்டர்' வேண்டாம், 'கோ இன்' போதும். 'போஸ்ட்போன்' வேண்டாம், 'புட் ஆஃப்' போதும் என்பது ஏற்பாடு. 1943-ல் சர்ச்சில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேசியபோது இதைப் பாராட்டினார். கணக்குப் பார்த்தால் அழகான திட்டந்தான். ஆனால் பதினெட்டு நடிகர்களை வைத்துக்கொண்டு ராமாயணம் பூராவும் நடத்துகிற நாடகக் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். கம்பெனிக்காரருக்குச் சம்பளம் மிச்சம். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கோ, இப்போது வந்தவர் ஜனகரா, ஜாம்பவானா என்று தெரியாது. ஆக்டன் ஆள்களைக் குறைத்தார். வேஷங்களைக் குறைக்க அவரால் முடியவில்லை.

இனி 'அவன்', 'அவள்', 'அது' என்ற பிரதிப் பெயர்களுக்கு வருகிறேன். உண்மையான வேடிக்கை இங்கேதான் ஆரம்பம்.

ஒருவன் மலைமேல் ஓடினான்: 'ஹி ரான் அப் எ ஹில்'. இன்னொருவன் கடையில் பாக்கி ஏற்றினான்: 'ஹி ரான் அப் எ பில்'. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எது எது என்று எப்படி அடையாளம் காண்பது? மலையையும் பாக்கியையும் எடுத்துவிட்டு, 'இட்' என்ற சின்னப் பையனை உள்ளே விட்டுப் பாருங்கள். மலையானால் 'ரான் அப் இட்'. பாக்கியானால் 'ரான் இட் அப்'. மலைக்குப் பின்னால் போய் நின்ற அதே 'இட்', பாக்கி என்றதும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். முதல் வாக்கியத்தில் 'அப்' என்பது மலைக்குச் சொந்தம். இரண்டாவதில் அது வினைக்குச் சொந்தம். எது யாருக்குச் சொந்தம் என்பதைப் பெயர்ச்சொல் மறைத்து வைத்திருந்தது. 'இட்' போட்டு உடைத்துவிட்டது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் மாதிரி இந்தப் பிரதிப் பெயர்.

ஏன் இப்படி? காதால் கேட்டால் புரியும். இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் அழுத்தம் வாக்கியத்தின் கடைசியை நாடும். 'இட்', 'ஹிம்' எல்லாம் எடையில்லாத சொற்கள். வழக்கமாக அவற்றை அழுத்திச் சொல்லுவதில்லை. வினைக்குச் சொந்தமான வாலுக்கோ அழுத்தம் உண்டு. ஆகவே எடையில்லாதவன் நடுவில் நசுங்கி உட்காருகிறான். கனமானது கடைசியில் வந்து சம்மணம் போட்டுக்கொள்கிறது. 'ஹி புட் இட் ஆஃப்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஹி புட் ஆஃப் இட்' என்று சொன்னால், அர்த்தம் கேட்பவனுக்கு எட்டிவிடும். ஆனால் சாதத்தில் கல் கடித்தது போல ஒரு கணம் நின்றுவிடுவான்.

இறந்தகாலத்தை ஏற்கும் முறையில் நாமும் அவர்களும் நேர் எதிர். அவர்கள் தலையில் காலத்தை ஏற்றுவார்கள். 'கிவ்' என்பது 'கேவ்' ஆகும். 'டேக்' என்பது 'டுக்' ஆகும். 'ஸீ' என்பது 'ஸா' ஆகும். வால் அசையாது. 'டிட்' என்ற துணை வந்துவிட்டால் காலத்தை அது வாங்கிக்கொண்டுவிடும். வினை பழையபடி 'கிவ்' ஆகிவிடும். அப்போதும் வால் அசையாது. 'புட்' மாதிரிச் சில வினைகள் இறந்தகாலத்திலும் உருவத்தை மாற்றிக்கொள்வதில்லை. நேற்று நடந்ததா, தினம் நடப்பதா என்று நாம்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் இரண்டு வினை சேர்ந்தால் காலத்தைச் சொல்லுவது கடைசி வினை. 'விட்டுக்கொடுத்தான்', 'விட்டுக்கொடுப்பான்' என்று பாருங்கள்: 'விட்டு' அப்படியே இருக்கிறது, காலமும் ஆளும் 'கொடு'வின் மேல் ஏறுகின்றன.

ஆமாம், நம்மிடமும் இந்த வித்தை உண்டு. நமக்கு அது வித்தையாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 'கொடு' என்பது தெரிந்த சொல். ஆனால் சொல்லிக்கொடுத்தான் என்றால் கற்பித்தான். விட்டுக்கொடுத்தான் என்றால் இணங்கிப்போனான். 'பார்', 'கொள்' இரண்டும் தெரிந்த சொற்கள். பார்த்துக்கொண்டான் என்றால் பராமரித்தான். தமிழ் கற்கவந்த ஒரு வெள்ளைக்காரன், 'பார்த்து, எதைக் கொண்டான்?' என்று நம்மைக் கேட்டால் என்ன பதில் சொல்லுவோம்?

'கேவ் ஹெர் அவே' என்று ஒரு பிரயோகம் இருக்கிறது. கல்யாணத்தில் தகப்பன் மகளை மாப்பிள்ளை கையில் ஒப்படைத்தான் என்பது ஓர் அர்த்தம். ஒருத்தியின் ரகசியத்தை வெளியிட்டு அவளைத் துரோகமாகச் சிக்கவைத்தான் என்பது இன்னோர் அர்த்தம். இரண்டுக்கும் அதே மூன்று வார்த்தைகள்தான். 'இது என்ன அநியாயமான பாஷை!' என்று கோபித்துக்கொள்ள வாயெடுத்தவன், தமிழை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். நம்மிடத்தில் முதலாவது, 'கட்டிக்கொடுத்தான்', இரண்டாவது, 'காட்டிக்கொடுத்தான்'. ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்!

இதெல்லாம் இலக்கணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கலாம். 'அவன்' என்பவன் எங்கே உட்காருகிறான் என்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும்.

1964-ஆம் வருஷம், தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். எங்கள் தெருக்கோடி வீட்டில் ஓர் அம்மாள் இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே பிள்ளை, இரண்டு காணி நிலத்தை விற்று அவனைச் சீமைக்குப் படிக்க அனுப்பியிருந்தாள். வாரம் தவறாமல் அவனிடமிருந்து நீலக் காகிதத்தில் விமானத் தபால் வரும். அந்த மார்கழியில் ஒரு மாதமாகக் கடிதமே இல்லை. கடைசியில் ஒரு கவர் வந்தது. கையெழுத்து அவனுடையது இல்லை. உள்ளே இருந்தது இங்கிலீஷ்.

பக்கத்து வீட்டில் பி.யு.சி. படிக்கிற பையன் ஒருவன் உண்டு. கெட்டிக்காரன், நல்லவன். அகராதியும் கையுமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் வார்த்தை வார்த்தையாகப் பார்த்தான். முகம் கறுத்துப்போயிற்று. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். அந்த அம்மாள் விடவில்லை. அவன் கண்ட அர்த்தம் இது: 'நாங்கள் உங்கள் மகனை ஏமாற்றி உள்ளே வரவழைத்தோம். டாக்டர் அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். என் கணவர் அவன் கபடத்தையெல்லாம் கண்டுகொண்டார்.'

பிள்ளை ஏதோ குற்றம் செய்து அந்நிய தேசத்தில் ஜெயிலில் இருக்கிறான் என்று தாயார் முடிவுகட்டிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் விளக்கு வைத்த பிறகு, முந்தானைக்குள் கடிதத்தை மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தம்பி, எத்தனை வருஷம் போட்டிருக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கலே" என்றாள்.

கடிதத்தைப் படித்தேன். எழுதியவள் அந்தப் பையன் வாடகைக்கு இருந்த அறைக்கு எதிர்வீட்டுக்காரி. பையனுக்கு நிமோனியா. அறையில் குளிர் தாங்கவில்லை. கவனிக்க ஆள் இல்லை. 'வீ டுக் ஹிம் இன்' என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம் என்று அர்த்தம். 'த டாக்டர் ஹாட் கிவன் ஹிம் அப்'. பிழைக்கமாட்டான் என்று டாக்டர் கைவிட்டுவிட்டார். 'மை ஹஸ்பண்ட் ஸா ஹிம் த்ரூ'. என் கணவர் கண்டம் தாண்டும் வரைக்கும் கூடவே இருந்து அவனைக் கரைசேர்த்தார். ஜுர வேகத்தில் உங்கள் மகன் உங்களைக் கூப்பிட்டான், அவன் பாஷை எங்களுக்குத் தெரியாது, ஆனாலும் அந்த ஒரு வார்த்தை புரிந்தது என்றும் எழுதியிருந்தாள். இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். அடுத்த வாரம் அவனே எழுதுவான்.

பையன் பேரில் குற்றம் சொல்ல இடமில்லை. அவன் அகராதி பொய் சொல்லவில்லை. 'டேக் இன்' என்பதற்கு ஏமாற்றுவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. 'கிவ் அப்' என்பதற்குப் போலீசில் ஒப்படைப்பது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. இந்த இரண்டிலும் 'ஹிம்' உட்காரும் இடம்கூட மாறுவதில்லை. கடிதம் முழுவதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது வாக்கியம் அப்படியல்ல. 'ஸா த்ரூ ஹிம்' என்றால் அவனுடைய கபடத்தைக் கண்டுகொண்டார். 'ஸா ஹிம் த்ரூ' என்றால் அவனைக் கரைசேர்த்தார். 'ஹிம்' ஓர் இடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். பையன் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஓர் இடத்துக்காக ஒரு தாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தாள்.

நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் அழவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அந்தப் புண்ணியவதிக்கு ஒரு பதில் எழுதணும், தம்பி" என்றாள். "என்னம்மா எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"எம் பிள்ளையைப் பாத்துக்கிட்டீங்க. நல்லா இருக்கணும். அவ்வளவுதான்."

காகிதத்தை எடுத்து, 'யூ லுக்ட் ஆஃப்டர் ஹிம்' என்று எழுதினேன். விஷயம் தெரிந்து ஓடிவந்திருந்த பி.யு.சி. பையன், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸார், இங்கே 'ஹிம்' நடுவிலே வரவேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டான். "வேண்டாம், தம்பி. இங்கே வால் வினையினுடையது இல்லை, அவனுடையது. அதனால் அதற்குப் பின்னால்தான் அவன் நிற்பான்" என்றேன். "'ஆஃப்டர்' என்றால் பிறகு, பின்னால் என்றல்லவா ஸார் போட்டிருக்கிறது?" என்றான். "ஆமாம். பார்த்துக்கொள் என்பதில் 'கொள்' எங்கே போகிறது என்று எனக்குச் சொல்லேன்" என்றேன். அவன் சிரித்தான். மூன்று நாளில் அன்றைக்குத்தான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததாக அந்த அம்மாள் சொன்னாள்.

இங்கிலீஷ் கற்கிறவர்கள் இந்தச் சேர்க்கைகளை ஜாபிதா போட்டு நெட்டுருப் பண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். 'ஸீ த்ரூ' என்று ஒரு பக்கம், அர்த்தம் ஒரு பக்கம். அந்த ஜாபிதாவில் ஆள் கிடையாது. யார் பார்த்தான், யாரைப் பார்த்தான், பார்த்து என்ன ஆயிற்று என்ற சேதி கிடையாது. ஆள் இல்லாதவரைக்கும் இந்த வினைகளுக்கு இப்பாலும் போகலாம், அப்பாலும் போகலாம். 'அவர்' என்று ஒருவரும் 'அவனை' என்று ஒருவனும் வந்து, அவர்களுக்குள் ஏதோ ஒன்று நடந்து முடிந்த பிறகுதான் அர்த்தம் ஓர் இடத்தில் நிற்கிறது. ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த ஏ. எஸ். ஹார்ன்பி இதைத் தெரிந்தவர். 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த அவருடைய அகராதி, ஒரு வினைக்கு அர்த்தத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த வினை எந்தெந்த மாதிரி வாக்கியங்களில் வரும், அதற்குப் பின்னால் என்னென்ன எந்த வரிசையில் நிற்கும் என்பதையும் இனம் பிரித்துக் காட்டியது. வெளியூர்க்காரர்களுக்கு நடுவில் இருந்து பாடம் சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் அவர்கள் தடுக்கி விழும் இடம் தெரியும்.

ஆகையால் என்னிடம் யோசனை கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது ஒன்றே ஒன்று. 'ஸீ த்ரூ' என்று எழுதிவைக்காதே. 'ஸா ஹிம் த்ரூ' என்று ஒரு கதை எழுதிக்கொள்; 'ஸா த்ரூ ஹிம்' என்று இன்னொரு கதை எழுதிக்கொள். இரண்டும் நடந்து முடிந்த கதைகளாக இருக்கட்டும். இரண்டிலும் உனக்குத் தெரிந்த மனிதர்கள் இருக்கட்டும். உன் கபடத்தைக் கண்டுகொண்டவர் யார், உன்னைக் கரைசேர்த்தவர் யார் என்று உனக்கே தெரிந்திருக்கும். அந்த இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொண்டால், 'ஹிம்' எங்கே உட்கார வேண்டும் என்பது மறக்காது. சில வீடுகளில் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு. அப்படிப்பட்டவர் வாய்த்த பிள்ளை பாக்கியசாலி.